பிள்ளைகள் படித்து முடித்த வீட்டுக்காரர்களுக்கு

அன்புள்ள பே ஏரியா தமிழ் நண்பர்களே,

கூப்பர்டினோ, ஃப்ரீமான்ட், சான் ரமோன் என்று ஸ்கூல் பார்த்தே வீடு வாங்கி, பிள்ளைகளைக் கல்லூரிக்கும் அனுப்பிவிட்டவர்களுக்கு இந்த மடல். நானும் உங்களில் ஒருவன்தான்.

அண்மையில் ஒரு விருந்தில் பார்சல் டாக்ஸ் பேச்சு வந்தது; அதாவது சொத்து வரிக்கு மேல், உள்ளூர் பள்ளிகளுக்காக ஓட்டெடுத்து வீட்டுக்காரர்களிடம் வாங்கும் தனி வரி. "இவ்வளவு சொத்து வரி கட்டுகிறோம், இன்னும் என்ன வேண்டுமாம்?" என்றார் ஒருவர். நானும் பல வருஷம் அப்படிக் கேட்டவன்தான். 2013இல் வந்த முறைப்படி, ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று கலிஃபோர்னியா மாநிலம் கணக்குப் போடுகிறது. நம் சொத்து வரியில் பள்ளிக்குரிய பங்கை முதலில் அதில் கழித்துக்கொண்டு, மீதியைத்தான் தலைநகர் சேக்ரமென்டோ தருகிறது. வீட்டு விலை ஏறி வரி கூடினால் மாநிலம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். பள்ளிக்கு ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. வரி வசூலே அந்தத் தொகையைத் தாண்டிவிடும் சில பள்ளி டிஸ்ட்ரிக்டுகள்தான் விதிவிலக்கு. ஏழைப் பிள்ளைகளும் ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்களும் இருந்தால் கூடுதல் பணம் உண்டு, அது நியாயமும்கூட. நம் ஊர்களில் அவர்கள் குறைவு.

அந்தத் தொகையும் தினசரி வருகையை வைத்துத்தான். டிக்கெட் மலிவு என்று டிசம்பர் தொடக்கத்திலேயே மகளைச் சென்னைக்குக் கூட்டிப்போனவன் நான். அத்தனை நாள் பணத்தையும் பள்ளி இழந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

நம் பள்ளிகளில் பிள்ளைகளும் குறைந்து வருகிறார்கள். அது மதிப்பெண் குறைந்ததால் அல்ல. இளம் குடும்பங்களால் இங்கே வீடு வாங்க முடியவில்லை. நாமோ அசைவதாக இல்லை: 1978இல் மக்கள் ஓட்டில் வந்த 13ஆவது முன்மொழிவு என்ற சட்டம், நம் வீட்டின் வரி மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறவிடாது. நான்கு படுக்கையறை வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம். கூப்பர்டினோ பள்ளி டிஸ்ட்ரிக்டில் 2022இல் ரெக்னார்ட், மேயர்ஹோல்ஸ் என்ற இரண்டு தொடக்கப் பள்ளிகளை மூடினார்கள். இரண்டும் நல்ல பெயர் எடுத்தவை. ஒரே வகுப்பில் இருபது பேர் குறைந்தால் செலவையும் குறைக்கலாம். குறைவதோ வகுப்புக்கு ஒருவர், இருவர். டீச்சரும் வேண்டும், ஹீட்டரும் ஓட வேண்டும்.

பார்சல் டாக்ஸ் பணத்தில் மட்டும் மாநிலம் கைவைக்க முடியாது. ஆனால் பள்ளி வாரியம் அதைக் கொண்டுவந்தால், ஜெயிக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். இன்று காலையில் பள்ளி வாசலில் பிள்ளையை இறக்கிவிடும் நம்மவர்களில் எத்தனை பேர் ஹெச்1பி வேலை விசாவில், எத்தனை பேர் கிரீன் கார்டு வரிசையில்! அவர்கள் வரி கட்டலாம், ஓட்டுப் போட முடியாது. சிட்டிசன்ஷிப் வாங்கிவிட்ட நம்மிடம் ஓட்டு இருக்கிறது, பள்ளியில்தான் பிள்ளை இல்லை. நம் பிள்ளைகள் படித்தபோது பேரன் பேத்திகூட இங்கே இல்லாத பக்கத்து வீட்டுப் பெரியவர்களும் 'ஆம்' போட்டிருக்கிறார்கள்.

65 வயது தாண்டியவர்களுக்குப் பெரும்பாலான பார்சல் டாக்ஸில் விலக்கு உண்டு, விண்ணப்பித்தால் போதும். தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், நானும் வாங்கத்தான் போகிறேன். முதலில் 'ஆம்' போட்டுவிட்டு.

அன்புடன்,
உங்கள் தெருக்காரன்