எட்டில் ஏழு பங்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

முக்கியமான சட்டங்களை மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நான் வசிக்கும் கலிஃபோர்னியாவில் 1911 முதலே அந்த முறை உண்டு. சதர்ன் பசிஃபிக் ரயில் கம்பெனியின் பிடியிலிருந்து சட்டமன்றத்தை மீட்க, ஆளுநர் ஹைரம் ஜான்சன் காலத்தில் கொண்டுவந்தது.

இங்கே குடியுரிமை பெற்று நான் முதலில் ஓட்டுப் போட்டது 2016-இல். மாநில அளவில் மட்டும் 17 கேள்விகள். அரசு அனுப்பிய விளக்கப் புத்தகம் 224 பக்கம். சாப்பாட்டு மேசையில் மூன்று ராத்திரி நானும் கணவரும் உட்கார்ந்து படித்தோம். இரண்டு கேள்விகளுக்கு ஒன்றும் விளங்காமலே ஓட்டுப் போட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

நல்லதும் நடந்திருக்கிறது. சட்டமன்றத் தொகுதிகளின் எல்லையை உறுப்பினர்களே வரைந்துகொள்ளும் வழக்கத்தை 2008-இல் மக்கள் ஓட்டுத்தான் நிறுத்தியது. அவர்களாக அதை விட்டுக்கொடுத்திருப்பார்களா?

ஆனால் 2020-இல் வந்த 22-ஆம் எண் முன்மொழிவைப் பாருங்கள். செயலி வழியே வண்டி ஓட்டுபவர்கள் கம்பெனி ஊழியர்கள் அல்ல என்று சட்டமாக்க ஊபர், லிஃப்ட், டோர்டாஷ் போன்ற நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்து ஜெயித்தன. அதை இனி சட்டமன்றம் திருத்த வேண்டுமானால் எட்டில் ஏழு பங்கு ஓட்டு வேண்டும் என்ற நிபந்தனையும் அதற்குள்ளேயே இருந்தது. புத்தகத்தில் அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கம்பெனிகளை அடக்க வந்த முறையைக் கம்பெனிகளே கையில் எடுத்துக்கொண்டன.

இப்படி ஒரு முன்மொழிவு மக்கள் ஓட்டுக்கு வர, முதலில் வாக்காளர்களிடம் கையெழுத்துத் திரட்ட வேண்டும். அது எங்கே தொடங்குகிறது என்றால், மளிகைக் கடை வாசலில். அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு ஒருவர் நிற்பார். "வரி குறையும், கையெழுத்துப் போடுங்கள்" என்பார். ஒருமுறை முழுசாகப் படிக்கக் கேட்டேன். பின்னால் நின்றவரிடம் போய்விட்டார். ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலி. நான் படித்து முடிக்கும்வரை நின்றால் அவருக்குக் கட்டுப்படியாகாது. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

மக்கள் ஓட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்துக் கணக்கில் கூலி கொடுப்பதைத் தடை செய்ய வேண்டும். அப்புறம், இப்படி வரும் சட்டம் எதுவானாலும் சில வருடம் கழித்துச் சாதாரணப் பெரும்பான்மையில் சட்டமன்றம் திருத்த இடம் இருக்க வேண்டும். அந்த வாசகர் தன் யோசனையில் இந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா