அட்டமி நவமியில் கடற்கரைக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை நானும் அப்பாவும் ஆறுதலாக இருந்து வாசித்தோம். செப்டெம்பரில் நீங்கள் மூவரும் கனடாவில் இருந்து வந்து நிற்கும் நாட்களில் ஒன்றை இங்கிலாந்தின் தெற்கே உள்ள சசெக்ஸ் கடற்கரைக்கென்று ஒதுக்கியிருப்பது எங்களுக்குப் பெரிய சந்தோஷம். ஆனால், காலையில் சீஃபோர்டில் இறங்கி, செவன் சிஸ்டர்ஸ் என்னும் வெள்ளைப் பாறை முகடுகள் ஏழையும் நடந்து கடந்து, பீச்சி ஹெட் ஏறி ஈஸ்ட்போர்னை அடைந்து, மாலையில் பிரைட்டனையும் பார்த்துத் திரும்பலாம் என்று நீ எழுதியிருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சீஃபோர்டில் இருந்து ஈஸ்ட்போர்ன் வரை கரையோரமாக ஏறத்தாழ 22 கிலோமீற்றர் நடக்க வேண்டும். அதுவும் சமதரை அல்ல, ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கும். ஆறு வயதுப் பிள்ளையையும் அப்பாவின் முழங்காலையும் வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமல்ல. பிரைட்டனுக்கு வேறொரு நாள் போகலாம். இந்த நாளை இந்தக் கரைக்கே கொடுத்துவிடு.

முதலில் நாளைப் பற்றிச் சொல்கிறேன். மருமகனுக்கு எந்தக் கிழமை வசதி என்று பார்த்து நாள் குறிக்காமல், கடலின் வற்றுப்பெருக்கைப் பார்த்துக் குறிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பூரணையும் அமாவாசையும் வரும் நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே நேர்கோட்டில் நின்று இழுப்பதால் கடல் மிக உயரமாகப் பொங்கும். அந்த நாட்களில் இந்தக் கரையில் நீர் உச்சத்தைத் தொடுவது நடுப்பகலை ஒட்டிய நேரத்தில். நாங்கள் சாப்பாட்டுக் கூடையுடன் போய் இறங்கும் நேரத்தில் அலை பாறையின் அடியில் வந்து மோதிக்கொண்டிருக்கும். கால் வைக்கக் கரை இராது. பெருக்கு நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்திக்கொண்டே போவதால், அரைச் சந்திரன் தெரியும் நாட்களில் எல்லாம் மாறிவிடும். அப்போது நடுப்பகலுக்குப் பின்னர் நீர் வற்றி நிற்கும், பெருக்கின் உயரமும் குறைவாக இருக்கும். அட்டமி நவமியில் பயணம் தொடங்கக் கூடாது என்று உன் அம்மம்மா சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தவர். ஆனால் பிள்ளைகளுடன் இந்தக் கரைக்குப் போகிறவர்களுக்கு அரைச் சந்திரன் தெரியும் அந்தத் திதிகள்தான் வாய்ப்பானவை. நாட்காட்டியில் அவற்றைக் குறித்துக்கொண்டு, பக்கத்திலுள்ள நியூஹேவன் துறைமுகத்தின் வற்றுப்பெருக்கு அட்டவணையுடன் ஒப்பிட்டுப் பார். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடு, தண்டவாள வேலை என்று ரயிலை நிறுத்திப் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள்.

தென் லண்டனின் கிழக்குக் குரொய்டன் நிலையத்தில் இருந்து லூயிஸுக்குப் போய், அங்கே சீஃபோர்ட் ரயிலுக்கு மாறுவோம். குடும்பத்தினருக்கான சலுகை அட்டை என்னிடம் இருக்கிறது. சின்னவன் கூட வருவதால் பெரியவர்களின் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கும் அவனுடைய கட்டணத்தில் 60 சதவீதமும் குறையும். சீஃபோர்டில் இருந்து ஈஸ்ட்போர்ன் பக்கம் போகும் 12ஆம் இலக்கப் பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் எக்ஸீட் பாலத்தில் இறங்கலாம். பாலத்தைக் கடக்காமல், ஆற்றின் மேற்குக் கரையால் கடலை நோக்கி இரண்டு கிலோமீற்றர் அளவு நடக்க வேண்டும். பாதை மட்டமானது, அப்பாவுக்குச் சிரமம் இராது.

அந்த நடையில் குக்மியர் ஆற்றைச் சின்னவனுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆசை. படங்களில் பாம்பு போல நெளிந்து கிடக்கிறதே, அதிலே இப்போது ஆறு ஓடுவதில்லை. 1840களில் வெள்ளத்தைக் கடலுக்கு விரைவாக அனுப்பவென்று நேராக ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். அன்றிலிருந்து ஆறு அந்த வாய்க்காலில்தான் ஓடுகிறது, பழைய வளைவுகளில் நீர் அசையாமல் நிற்கிறது. கடலோரத்தில் பழைய கரைக்காவலர் குடியிருப்புகள் நிற்கும் மேட்டில் ஏறிக் கிழக்கே பார்த்தால் ஏழு முகடுகளும் ஒரே பார்வையில் அகப்படும். டோவர் என்று சொல்லித் திரைப்படங்களில் காட்டும் வெள்ளைப் பாறைகள் பல வேளைகளில் இவைதான். டோவரின் சில பகுதிகளில் துறைமுகம் அலையைத் தடுப்பதால் பாறையின் முகத்தில் புல் முளைத்துவிட்டது. இங்கே கடல் ஓயாமல் அரித்து விழுத்துவதால்தான் முகம் புதிதாக, இத்தனை வெண்மையாக இருக்கிறது. ஆற்று வாயில் நீர் வற்றியிருக்கும்போது சிலர் இறங்கி அக்கரைக்குப் போவார்கள். மருமகனுக்கும் அந்த எண்ணம் வரக்கூடும், நீ விடாதே. பாலத்துக்குத் திரும்பி வருவதே பாதுகாப்பு.

பாலத்தில் நாம் பிரிவோம். உனக்கு முகடுகளை நடக்கும் ஆசை இருப்பது எனக்குத் தெரியும், அதை நான் தடுக்கவில்லை. நீங்கள் இருவரும் கிழக்குப் பக்கமாக இறங்கி, ஹேவன் பிரௌ என்னும் முதல் முகட்டில் ஏறத் தொடங்குங்கள். எல்லாவற்றிலும் உயரமானது அதுதான் என்பதால், அங்கே மூச்சு வாங்கினாலும் மனம் தளர வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நடந்தால், முகடுகள் முடியும் பேர்லிங் கப் என்னும் கரைக்கு வந்துவிடுவீர்கள். நாங்கள் சின்னவனைக் கூட்டிக்கொண்டு 13எக்ஸ் பேருந்தில் அங்கே போயிருப்போம். அது எல்லா நாளும் ஓடுவதில்லை. ஓடாவிட்டால் 12இல் ஈஸ்ட் டீன் கிராமத்தில் இறங்கி மெல்ல நடப்போம்.

இனிச் சொல்வதை மருமகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசி. விளிம்பில் இருந்து குறைந்தது 5 மீற்றர் உள்ளே நின்றே நடக்க வேண்டும். வேலி இல்லாத இடங்கள் அதிகம். செம்மறி ஆடுகள் மேய்ந்து கட்டையாக்கிய புல் விளிம்பு வரை ஒரே சீராக விரிந்து கிடப்பதால் அதன் அடியிலும் நிலம் இருக்கிறது என்றே கண் நம்பும். பல இடங்களில் அடியில் ஒன்றும் இல்லை. கடல் கீழே குடைந்து எடுத்துவிட, மேலே ஒரு விளிம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே நிற்பவருக்கு அது தெரியாது, கீழே இருந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும். புல்லில் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடுவதைக் கண்டால் அதன் கடல்பக்கம் கால் வைக்காதே. இங்கே விளிம்பில் நின்று படம் எடுக்கப் போய் உயிர் போனவர்கள் உண்டு. நான் பயமுறுத்தவில்லை, பிள்ளை. உங்களை அங்கே அனுப்பிவிட்டு இரண்டு மணி நேரம் கீழே காத்திருக்கப் போகிறவள் நான்.

கரையிலும் இதே கவனம் வேண்டும். பாறை அடிவாரத்தின் நிழலில் பாய் விரிக்க மாட்டோம். விழுகிற பாறை சொல்லிவிட்டு விழுவதில்லை. பேர்லிங் கப்பில் கரைக்கு இறங்கும் படிக்கட்டைப் பாதுகாப்புக் காரணமாகச் சில வேளைகளில் மூடிவிடுவதால், முதல் நாள் இரவு அதைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை உனக்குத் தருகிறேன். படி திறந்திருந்தால் சின்னவனுக்கு அங்கே மணிக்கணக்கில் வேலை இருக்கும். பாறை முழுவதும் நாங்கள் பள்ளிக்கூடத்தில் எழுதிய வெண்கட்டியின் இனந்தான். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் கடலடியில் படிந்த நுண்ணிய உயிர்களின் ஓடுகளால் ஆனது. தொட்டால் உள்ளங்கை வெளுக்கும். அதனிடையே வரிவரியாகச் சக்கிமுக்கிக் கற்கள் பதிந்திருக்கும். வெளியே வெள்ளைத் தோலும் உடைந்த இடத்தில் கண்ணாடி போன்ற கருமையுமாக இருக்கும் அந்தக் கற்கள்தான் உருண்டு உருண்டு கரை முழுவதும் கூழாங்கல்லாகிக் கிடக்கின்றன. யாழ்ப்பாணத்து மண்ணின் அடியில் இருப்பதும் சுண்ணாம்புக் கல்தான் என்று அவனுக்குச் சொல்ல வேண்டும். வயதில் அது இதைவிட மிகவும் இளையது.

நீங்கள் களைக்காமல் வந்து சேர்ந்தால் கிழக்கே ஒரு கிலோமீற்றர் ஏறி பெல் டூட் கலங்கரை விளக்கம் வரை போகலாம். கடல் விளிம்பை அரித்துக்கொண்டு நெருங்கி வந்ததால், 1999இல் 850 தொன் எடையுள்ள அந்தக் கட்டடத்தை உடைக்காமல், மசகு பூசிய கொங்கிறீட் தீராந்திகளின் மேல் அப்படியே தள்ளி 17 மீற்றர் உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால், 1902இல் கடலுக்குள்ளேயே கட்டிய சிவப்பு வெள்ளை விளக்கம் தெரியும். அதற்குப் பின்னால் 162 மீற்றர் உயரத்தில் நிற்கும் பீச்சி ஹெட் உச்சியைப் பேருந்தில் இருந்தே பார்த்துக்கொண்டு ஈஸ்ட்போர்ன் போய், அங்கே ரயில் ஏறுவோம்.

சாப்பாட்டுக்கு நான் றோல்ஸ் பொரித்து, புளிச்சாதமும் கட்டி, சுடுநீர்ப் போத்தலில் தேநீரும் கொண்டு வருவேன். நீங்கள் காற்றுப் புகாத மேலங்கிகளைக் கொண்டு வந்தால் போதும். கீழே வெயில் எறித்தாலும் முகட்டில் காற்று காதை அடைக்கும். சின்னவனுக்குச் சப்பாத்து வாங்கும்போது அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கிறதா என்று பார்த்து வாங்கு, ஏனென்றால் மழை பெய்த மறுநாள் அந்த வெண்மண் களி போல வழுக்கும்.

விமானச் சீட்டு உறுதியானதும் நீங்கள் நிற்கும் தேதிகளை எழுது. அவற்றுக்குள் விழும் அட்டமியைப் பார்த்து, மழைக்கென்று அடுத்த நாளையும் சேர்த்து வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா