குகைக்கு நாற்பது நிமிடம் போதாது

பினாங்கு மாநிலத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர்களுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

கல்விச் சுற்றுலாவுக்கு இடம் தேடும்போது, நீர்விளையாட்டுப் பூங்காவை விட்டுவிட்டு, பாலிங், கிரிக் வழியாகப் பேராக் மாநிலத்தின் குகைகள் நிறைந்த லெங்கோங் பள்ளத்தாக்குப் பக்கம் பேருந்தைத் திருப்பும் பள்ளிகளும் நம்மிடையே இருக்கின்றன. முப்பத்தோர் ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் அதை மனமார வரவேற்கிறேன். ஆனால், பூங்காவுக்குப் போட்ட அதே திட்டத்தாளில் இடத்தின் பெயரை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டு குகைக்குப் புறப்படுகிறோம் என்பதுதான் என் வருத்தம். அதைச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு பள்ளியின் சுற்றுலாவுக்குத் துணையாகச் சென்றிருந்தேன். பள்ளியின் பெயரும் குகையின் பெயரும் இங்கு வேண்டா. இரண்டு பேருந்துகள், எண்பத்து மூன்று மாணவர்கள். திட்டத்தாளில் குகைக்கு நாற்பது நிமிடமும் மதிய உணவுக்கு ஒன்றேகால் மணி நேரமும் ஒதுக்கப்பட்டிருந்தன. வழிகாட்டியாக வந்த உள்ளூர்ப் பெரியவர், பிள்ளைகள் ‘பக்சிக்’ (மலாயில் மாமா) என்று அழைத்தவர், ஒரே நேரத்தில் இருபது பேருக்கு மேல் உள்ளே போக வேண்டாம் என்றார். நேரமில்லை என்று நாங்கள்தான் அவரிடம் கெஞ்சி எல்லாரையும் ஒன்றாக உள்ளே அனுப்பினோம். அதன் பிறகு அவர் பேசியது முன்வரிசைக்கே கேட்கவில்லை. பின்னால் நின்ற ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கூரான கல்லொன்றை எடுத்து, தன் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளையும் ‘5 வள்ளுவர்’ என்று வகுப்பையும் சுவரில் கீறிவிட்டான். பக்சிக் அவனை ஏசவில்லை. தோளில் கிடந்த துண்டை நனைத்துத் துடைத்துப் பார்த்தார். சேறு போனது, வெள்ளைக் கீறல் அப்படியே நின்றது. கையெழுத்து என்னவோ முத்து முத்தாகத்தான் இருந்தது.

அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். நம் பிள்ளைகள் அறிந்த குகை பத்துமலை ஒன்றுதான். 272 படிகள் ஏறிப்போனால் சிமெண்டுத் தரை, மின்விளக்கு, ஒலிபெருக்கி, சந்நிதி. அவர்களைப் பொறுத்தவரை குகை என்பது கூரை உயர்ந்த ஒரு மண்டபம். அதே படிகளின் ஓரத்தில் ‘இருட்டுக் குகை’ என்று இன்னொன்று இருப்பதும், அதற்குள் லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்னும் அரிய சிலந்தி வாழ்வதும், 2019இல் அக்குகை பொதுமக்களுக்கு மூடப்பட்டதும் காவடி எடுத்து ஏறிய பெரியவர்களுக்கே தெரியாதபோது பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

லெங்கோங் பள்ளத்தாக்கு 2012இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே குனோங் ருந்து குகையில், நம் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சுரைனா மஜித் தலைமையிலான குழு 1991இல் ஓர் எலும்புக்கூட்டைத் தோண்டியெடுத்தது. ‘பேராக் மனிதன்’ என்று அழைக்கப்படும் அவர் வாழ்ந்தது ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்பு. பிறவியிலேயே அவருடைய இடக்கை விரல் எலும்புகள் குட்டையாக இருந்தன. வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வயிறு கழுவிய ஒரு கூட்டம், அந்தக் கையோடு பிறந்த பிள்ளையை வளர்த்து ஆளாக்கி, நாற்பது வயதுக்கு மேல் அவர் இறந்தபோது, கருவறையில் கிடப்பதுபோல் கால்களை மடக்கிக் கிடத்தி, இறைச்சியும் ஆற்று நத்தையும் கல்லாயுதங்களும் உடன்வைத்துப் புதைத்திருக்கிறது. இதை ஒரு நான்காம் ஆண்டு வகுப்பில் சொன்னபோது ஒரு சிறுமி, “அவரோட அம்மா பேரு என்ன சார்?” என்று கேட்டாள். குகைக்குப் போகும் முன் பிள்ளைகளுக்கு வர வேண்டிய கேள்வி அதுதான்.

அதே பள்ளத்தாக்கில் குவா படாக் என்னும் இடத்தில் லானோ பூர்வகுடியினர் கரியால் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. விவரமறியாத கண்ணுக்கு அவை யாரோ போகிற போக்கில் கிறுக்கியவையாகவே தெரியும். அவற்றுக்கும், நேற்று வந்த ஒருவன் எழுதிவிட்டுப் போன பெயருக்கும் உள்ள வேற்றுமையைக் குகை வாசலில் நின்று ஒலிபெருக்கியில் சொல்லிப் புரியவைக்க முடியாது; பேருந்தில் ஏறும் முன்பே, வகுப்பறையில் படம் காட்டிச் சொல்லியிருக்க வேண்டும்.

தொடாதே என்று மட்டும் சொன்னால் எந்தப் பிள்ளையும் கேட்காது. காரணம் சொன்னால் கேட்கும். மேலிருந்து சொட்டும் நீரிலுள்ள சுண்ணாம்பு படிந்து படிந்துதான் அந்தக் கல்விழுதுகள் தொங்குகின்றன. பொதுவாக அவை ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளர்ந்தாலே பெரிது. நம் விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் சுண்ணாம்பு சரியாகப் படியாது. வௌவால்களைப் பற்றிச் சொல்ல நம் மாநிலத்துப் பாலிக் புலாவ் டுரியான் பழத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? டுரியான் பூ இரவில் மலர்கிறது. குகைகளில் தங்கும் தேனுண்ணி வௌவால்கள் பல மைல் பறந்துபோய் அதில் மகரந்தம் சேர்க்கின்றன. எண்பது பேர் கூச்சலிட்டுக் கலைக்கும் கூட்டத்தில் டுரியான் தோட்டக்காரனின் கூலியில்லாத வேலையாள்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் தாமாகவே குரலைத் தாழ்த்துவார்கள்.

சிறு குழுவாகப் போனால் செலவு கூடும் என்று பொருளாளர்கள் சொல்வார்கள். கூட வேண்டியதில்லை. கோத்தா தம்பானில் தொல்பொருள் காட்சியகம் இருக்கிறது. ஒரு பேருந்தின் பிள்ளைகள் அங்கே கல்லாயுதங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்றொரு பேருந்தின் பிள்ளைகள் இருபது இருபதாகக் குகைக்குள் போகட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். மலையேறிப் பழகாத சிறு பிள்ளைகளென்றால் முதலில் கோப்பெங் அருகே குவா தெம்புரோங்குக்கு அழைத்துப் போகலாம். நடைபாதையும் படிகளும் விளக்குகளும் அங்குண்டு. ஈயலம்பக் (ஈயச் சுரங்கக்) காலத்துக் கதையும் உண்டு. எங்குப் போனாலும் காலையிலேயே போய்விடுங்கள். பிற்பகல் மழை பிடித்துக்கொண்டால் ஆறு ஓடும் குகையில் நீர் எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. காலணி கட்டாயம், ஜப்பான் சிலிப்பரோடு வருகிறவனைப் பேருந்திலேயே ஏற்றக் கூடாது.

இன்னொன்றையும் திட்டத்தாளில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். குகையின் உள்பகுதியில், வழிகாட்டியின் ஒப்புதலோடு, பிள்ளைகளை உட்காரவைத்து எல்லா விளக்குகளையும் ஒரு நிமிடம் அணைத்துவிடுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் பதினெட்டுப் பேர் கொண்ட ஒரு வகுப்போடு போனபோது அப்படிச் செய்தோம். சொட்டும் நீரின் ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அந்த இருட்டில் ஒருவன் மெல்லக் கேட்டான்: “சார், நான் கண்ணைத் திறந்துதான வெச்சிருக்கேன்?”

அடுத்த செயலவைக் கூட்டத்தில் சுற்றுலாத் திட்டம் மேசைக்கு வரும்போது, அந்த நாற்பது நிமிடத்தை அடித்துவிட்டு இரண்டு மணி நேரம் என்று எழுதுங்கள். முந்திய வாரமே ஒரு பாடவேளையை இதற்காக ஒதுக்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பாடம் நடத்த ஆளில்லை என்றால் செபராங் பிறைக்குள் எந்தப் பள்ளியானாலும் என் மோட்டார் சைக்கிளிலேயே வந்துவிடுவேன். படங்களும் பன்னிரண்டு கைவிளக்குகளும் என்னிடம் இருக்கின்றன. பேட்டரி மட்டும் நீங்கள் வாங்கிக்கொடுத்தால் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
பட்டர்வொர்த்