மிலுவோ பாட்டிக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள நைநை (பாட்டி) அவர்களுக்கும், மிலுவோவில் எங்களுக்குத் துணை நின்ற அனைவருக்கும்,

மகனை நலமாக வீட்டுக்கு அழைத்து வந்து நான்கு நாட்களாகின்றன. நடந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள்; அதை மறுபடி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. துவான்வூ பண்டிகையின் படகுப் போட்டி பார்க்கவென்றே சீனாவின் ஹூனான் மாகாணம் வரை வந்த நாங்கள் ஒரு படகையும் பார்க்கவில்லை.

இரவு பகலாகக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கூடவே இருந்து மொழிபெயர்த்த கல்லூரி மாணவிக்கும், பணம் வாங்க மறுத்த டாக்சி ஓட்டுநருக்கும், தொலைபேசியில் தைரியம் சொன்ன குவாங்சோ தமிழ் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நைநை, பிள்ளை சாப்பிட்டானா என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, தாய் சாப்பிட்டாளா என்று கேட்டவர் நீங்கள். சீன நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளான துவான்வூ அன்று காலையில், பக்கத்துக் கட்டிலில் இருந்த உங்கள் கணவருக்குச் சோங்ஸி என்னும் இலையில் பொதிந்த பசையரிசிப் பொட்டலங்களைக் கொண்டுவந்தபோது, எனக்கென்று நான்கைத் தனியே நூல் கட்டிக் கொண்டுவந்தீர்கள். சாம்பல்நீர் போன்ற காரநீரில் ஊறிய பசையரிசியை, வேறெதுவும் வைக்காமல் இலையில் பொதிந்து, பன்றியிறைச்சி வைத்தவை வெந்த பானையில் போடாமல் வேறு பானையில் வேகவைத்தீர்கள் என்று மாணவி சொல்லித்தான் அறிந்தேன். நான் கேட்கவே இல்லை. தனிப் பானையை எங்கள் ஊரிலேயே கேட்கக் கூசுவேன். சர்க்கரையில் தொட்டு நான்கையும் அங்கேயே உண்டேன்.

நோய்கள் பெருகும் மாதம் என்பதால் வீட்டு வாசலில் கட்டும் மாசிபத்திரியிலும் வசம்பிலும் ஒரு கொத்தை மகனின் தலைமாட்டில் வைத்தீர்கள். வசம்பின் வாசனை வந்ததும் நான் அழுததைக் கண்டு பதறினீர்களே, அதற்குக் காரணம் இதுதான்: எங்கள் ஊரில் அதைப் பிள்ளை வளர்ப்பான் என்போம், இவன் கைக்குழந்தையாக இருந்தபோது என் அம்மா இவன் கையில் கட்டியதும் அதே வசம்புதான். துவான்வூவில் நினைவுகூரப்படும் சீனக் கவிஞர் ச்சூ யுவானைப் பற்றியும், அவர் உயிர்விட்ட ஆற்றைப் பற்றியும் படித்துவிட்டு வந்த எனக்கு, இந்த நாளுக்கு இப்படியொரு முகம் உண்டென்று தெரிந்திருக்கவில்லை.

அடுத்த துவான்வூவுக்கு வருவோம். இலை மடிக்கக் கற்றுத்தாருங்கள்.

நீங்கள் மகனின் மணிக்கட்டில் கட்டிய ஐந்து நிறக் கயிற்றை, பண்டிகைக்குப் பின் வரும் முதல் மழையில்தான் கழற்றி நீரில் விட வேண்டும் என்றீர்கள். சென்னையில் இன்னும் மழை இல்லை. குளிக்கும்போதுகூட அந்தக் கையை உயர்த்திப் பிடித்துக்கொள்கிறான்.