மே மாதப் பசியையும் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பென்னாகரம் பக்கத்தில் ஒரு மானாவாரிக் கிராமத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊட்டச்சத்துத் திட்டங்களால் பலன் உண்டா என்று மதிப்பிட வருகிறவர்கள் பிள்ளைகளின் எடை, உயரம் எடுப்பார்கள், பதிவேட்டைப் புரட்டுவார்கள். பெரும்பாலும் தை, மாசியில்தான் வருவார்கள். கேழ்வரகு அறுத்து முடிந்து, துவரையும் கொள்ளும் வீட்டில் இருக்கிற நேரம் அது. மழை பொய்த்த வருஷத்தின் சித்திரை, வைகாசியில் அதே வீட்டுப் படியேறி யாரும் கேட்டதில்லை.

வறட்சி வந்தால் முதலில் குழம்பில் பருப்பு குறையும். அப்புறம் கறவை மாட்டை விற்பார்கள். அதுவும் போதாதபோது தாயும் தகப்பனும் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குக் கிளம்புவார்கள். பாட்டியிடம் விடப்பட்ட பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துச் சோறும் முட்டையும்தான் ஆதாரம். வறட்சியால் ஆந்திரக் குழந்தைகளின் உடல் வளர்ச்சியில் ஏற்பட்ட பாதிப்பை மதிய உணவு ஈடுகட்டியதாக 2014-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. சமைத்துப் போட்ட எங்களுக்கு அதில் வியப்பில்லை.

ஆனால் பசி உச்சத்தில் இருக்கும் மே மாதத்தில் பள்ளிக்கு விடுமுறை. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே உத்தரவிட்டது. 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்தது. அந்த மே மாதம் எங்கள் ஊரில் அடுப்பு இருந்தது, சமைக்க நாங்களும் இருந்தோம். சமைக்கச் சொல்லித்தான் யாரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2023-ல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன். குறைந்த தண்ணீரில் விளையும் பயிரை அரசே ஆதரவு விலைக்கு (2023-24-ல் குவிண்டாலுக்கு 3,846 ரூபாய்) வாங்கி, அதே மாவட்டத்துப் பிள்ளைகளின் தட்டில் வைத்தால் நிலத்துக்கும் உடம்புக்கும் நல்லது. சரி, அப்படி நடக்கிறதா? மரவள்ளியை விட்டு எத்தனை பேர் கேழ்வரகுக்குத் திரும்பினார்கள்? 2 கிலோ மாவு ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரக் களிக்குக்கூடக் காணாதே, அளவைக் கூட்டுவார்களா? இவற்றையும் மதிப்பீட்டில் கேட்க வேண்டும்.

ஒரே வீட்டுக்குத் தையில் ஒரு தடவை, வைகாசியில் ஒரு தடவை வாருங்கள். அந்த வருஷம் மழை எப்படி, வேலைக்கு வெளியூர் போனது யார், எதை விற்றார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோரோடு கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போய்விட்ட பிள்ளையையும் தேடிப்போய் எடை பாருங்கள். மழை குறைந்த வட்டங்களில் கோடையிலும் சத்துணவுக் கூடங்களைத் திறக்கச் சொல்லும் உத்தரவை மாசி மாதத்துக்குள் அனுப்பினால், அரிசி பருப்பை இருப்பு வைக்க அமைப்பாளர்களுக்கு நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.