ரோதைமுனியைப் பற்றியும் ஒரு வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைநாட்டுக்கு இரண்டு நாள் பயணம் போகிறவர்கள் எதையெல்லாம் பார்க்கலாம் என்று உங்கள் ஞாயிறு பதிப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. ஹந்தானை தேயிலை நூதனசாலை, ஏதாவது ஒரு டீ பெக்டரி, பீகோ நடைபாதை என்று மூன்றைச் சொல்லியிருந்தீர்கள். கொழும்பில் வேலை செய்கிற என் பேத்தி அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, லீவுக்கு வந்த கையோடு தன் இரண்டு சிநேகிதிகளையும் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நான் 32 வருடம் டீ ஸ்டோரில் வேலை செய்தவன். பெக்டரியை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கொழுந்து வாட்டுகிற மாடியில் ஏழு வருடம், மிச்சமெல்லாம் வாடின கொழுந்தைச் சுருட்டி அரைக்கிற ரோலர் அறையில். "தாத்தா, நீங்க வேலை செஞ்ச எடத்துக்கே டிக்கெட் எடுத்துப் போறீங்க" என்று பஸ்ஸில் போகும்போதே பேத்தி கேலி பண்ணிக்கொண்டு வந்தாள்.

முதலில் ஹந்தானை. 1925ல் கட்டின பழைய ஸ்டோர் அது. மூடிக் கிடந்ததைத் திருத்தி 2001ல் நூதனசாலையாக்கினார்கள். கீழே ரோலர்கள், எஞ்சின்கள். மேலே, இங்கே தேயிலைத் தோட்டம் போட்ட முன்னோடி ஜேம்ஸ் டெய்லரும் தேயிலை வியாபாரி லிப்டனும். உச்சி மாடியில் கண்டியைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கலாம். எனக்குப் பிடித்திருந்தது. பழைய ரோலர் ஒன்றின் பக்கத்தில் நின்றபோது கை தானாகவே அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தது. தொடக்கூடாதோ என்று பயந்து எடுத்துக்கொண்டேன். அது இயந்திரங்களுக்கான நூதனசாலை. அந்த வேலையை நன்றாகத்தான் செய்கிறது.

நான் இந்தக் கடிதம் எழுதக் காரணம் அடுத்த நாள் போன ஸ்டோர். அதன் பெயரை எழுதமாட்டேன். அங்கே வேலை செய்கிற பிள்ளைகளுக்கு என்னால் தொல்லை வரக்கூடாது.

காலை பத்தரை மணிக்கு எங்களை உள்ளே விட்டார்கள். பதினாலு பேர், அதில் நாங்கள் நாலு பேர் தமிழர். சுற்றிக்காட்ட வந்தது ஒரு சிங்களப் பிள்ளை. மரியாதையான பிள்ளை, இங்கிலீசு தண்ணீர் பட்ட பாடு. வெள்ளைக்காரர்களுக்கு இங்கிலீசில் சொல்லிவிட்டு, குருநாகலிலிருந்து வந்திருந்த குடும்பத்துக்குச் சிங்களத்திலும் சொன்னது. எங்கள் பக்கம் திரும்பி, "அங்கிள், இங்கிலீஸ் ஓகே தானே?" என்றது. தமிழில் சுற்றிக்காட்ட ஆள் இல்லையாம். சுவரில் ஒட்டியிருந்த விளக்கப் பலகைகளிலும் தமிழ் இல்லை. அதே நேரத்தில் சல்லடைப் பக்கம் கூட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் ஒருத்தியோடு ஒருத்தி தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பத்தரை மணி என்பதே ஒரு குறை. ரோலர் ஓடவில்லை. முதல் நாள் பறித்த கொழுந்து ராத்திரி முழுக்க மாடியில் வாடி, விடியற்காலை மூன்று நாலு மணிக்குத்தான் கீழே இறங்கும். என் வேலைக்காலம் முழுக்கச் சாமத்தில் எழும்பிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய்த்தான் பழக்கம். ரோலர் ஓடும்போது தரை அதிரும். பச்சைக் கொழுந்தின் வாடை மெல்ல மாறி, பழுத்த பழம் மாதிரி ஒரு இனிப்பு வாசம் ஏறும். அந்த மூக்குதான் ஸ்டோர்க்காரனின் படிப்பு. ரோலர் நிற்கிற நேரத்தில் ஸ்டோரைப் பார்ப்பது, அடிக்கிறதைக் கேட்காமல் ஆணியில் தொங்குகிற தப்பு மேளத்தைப் பார்த்துவிட்டுப் போவது மாதிரி.

மாடியில் அந்தப் பிள்ளை, கொழுந்தின் ஈரம் எத்தனை சதவீதத்திலிருந்து எத்தனைக்கு இறங்கும் என்று கணக்குச் சொன்னது. சரியான கணக்குத்தான். ஆனால் எங்களில் யாரும் சதவீதம் பார்த்து வாட்டியதில்லை. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து விடுவோம். காம்பு டக்கென்று ஒடிந்தால் வாட்டம் பத்தாது. உருண்டையாக நின்று மெல்ல மெல்ல விரிந்தால் இறக்கலாம். மழைக்கொழுந்து என்றால் அது லேசில் வழிக்கு வராது, காற்றை இன்னும் கொஞ்சம் விட வேண்டும். தொட்டியில் கொஞ்சம் கொழுந்து கிடந்தது. கேட்டுவிட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டினேன். ஒரு வெள்ளைக்காரம்மா தானும் அள்ளிப் பிடித்து, கையை விரித்து, அது விரிவதை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

கீழே வந்ததும் ஒரு தமாஷ். ரோலரில் அரைபட்டுச் சல்லடையில் விழுவதைக் காட்டி, "இதுக்குப் பேர் தூள்" என்றது பிள்ளை, இங்கிலீசு வார்த்தை மாதிரியே. அது என்ன பாஷை என்று ஒருவர் கேட்டார். "டீ பாஷை" என்றது. முதல் தூள், இரண்டாம் தூள் என்று ஸ்டோர் புத்தகத்தில் தொரைமார் இங்கிலீசு எழுத்தில் எழுதி வைத்ததே எங்கள் வாயில் புழங்குகிற தூள்தான் அம்மா என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன். பேத்தி அதை இங்கிலீசில் திருப்பினாள். எல்லோரும் சிரித்தார்கள், அந்தப் பிள்ளையும்தான்.

ஒரு இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்களின் விரல் மென்மையானது, அதனால்தான் கொழுந்து பறிக்க அவர்களை வைக்கிறார்கள் என்று சொன்னது. எங்கேயோ மனப்பாடம் பண்ணிக் கொடுத்த வசனம், அந்தப் பிள்ளையைக் குறை சொல்லி என்ன? என் மனைவி 28 வருடம் கொழுந்து எடுத்தவள். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் கறை ஏறிக் கறுத்து, கோடு கோடாக வெடித்திருக்கும். குழம்பு பட்டால் எரியும் என்று கடைசி வருடங்களில் கரண்டியால்தான் சோறு சாப்பிட்டாள். சைக்கிள் டியூபை மோதிரம் மாதிரி நறுக்கி விரலில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போவாள். அவள் போய் ஆறு வருடமாகிறது. அந்த ரப்பர் மோதிரம் ஒன்று சாமி படத்துக்குக் கீழே இன்னும் இருக்கிறது. நூதனசாலை வைக்கிறவர்கள் யாராவது கேட்டால் கொடுக்கத் தயார்.

ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். அது மலையிலிருந்து எப்படி வருகிறது, கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில் யார் நிறுக்கிறார்கள், நிறுவையில் எவ்வளவு கழிக்கிறார்கள், ஒரு நாள் பேர் விழ, அதாவது முழுநாள் சம்பளம் கணக்கில் ஏற, எத்தனை கிலோ எடுக்க வேண்டும், இதில் ஒன்றுமே சுற்றிக்காட்டுகிற கதையில் வராது. கொழுந்து வானத்திலிருந்து மாடியில் விழுந்த மாதிரி ஆரம்பிப்பார்கள். கடைசியில் சின்னக் கோப்பைகளில் ருசி பார்க்கக் கொடுத்தார்கள். நல்ல பிஓபிஎப் ரகத் தேயிலை. எங்களுக்கு மாதாமாதம் தோட்டத்தில் கொடுத்த தேயிலையை அந்த மேசையில் வைத்திருந்தால் ருசி வித்தியாசம் இன்னும் நன்றாக விளங்கியிருக்கும்.

வெளியே வரும் வழியில், ரோதை என்று நாங்கள் சொல்கிற பழைய சக்கரம் இருந்த பள்ளத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மாடம். எண்ணெய்ப் பிசுக்கு, குங்குமம், காய்ந்த செவ்வந்தி ஒன்று. எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். ரோதைமுனி. சக்கரத்தையும் பெல்ட்டையும் அதில் கை வைக்கிறவனையும் காவல் காக்கிற சாமி. பெல்ட்டில் கை மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரோலர் ஸ்விட்சைப் போடுமுன் அந்தத் திசையில் கும்பிடாதவன் எங்கள் ஷிப்டில் இல்லை. அந்தப் பிள்ளை திரும்பி வந்து, "இது என்ன அங்கிள்? நான் தினமும் பார்க்கிறேன், யாரும் சொல்லவில்லை" என்றது. சொன்னேன். கையிலிருந்த காகிதத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டது.

நடைபாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பீகோ நடைபாதை 22 கட்டங்கள், 300 கிலோமீட்டர் சொச்சம். ஹந்தானையில் ஆரம்பித்து நுவரெலியாவில் முடிகிறது. முதல் கட்டம் கலஹாவில் முடிய, இரண்டாவது லூல்கந்துரவுக்குப் போகிறது. என் முழங்கால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் விடவில்லை. பிள்ளைகள் மூவரும் மிச்சத்தை நடக்க, நான் ஆட்டோவில் கலஹா போய்க் காத்திருந்தேன். நடந்த தூரம் வரை காட்சி அருமை, பொய் சொல்லக்கூடாது. ஆனால் பாதை ஒரு லயத்தின், தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளின், வாசலை ஒட்டிப் போகிறது. முன்னால் போன கூட்டம் கொடியில் காய்ந்த துணியையும் திண்ணையில் முகம் கழுவின கிழவியையும் போட்டோ எடுத்தது. அந்தக் கிழவி என்னைப் பார்த்தாள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

எங்களோடு வந்த வழிகாட்டி கலஹாப் பக்கத்துப் பையன், தமிழும் பேசினான். டெய்லர் கதையை நன்றாகச் சொன்னான். 1852ல் ஸ்கொட்லாந்திலிருந்து சின்னப் பையனாக வந்தவர், 1867ல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டவர், 1892ல் இறந்து கண்டி மஹய்யாவையில் அடக்கமானவர். கனத்த சரீரம். மலையிலிருந்து கண்டிக்குத் தோட்டத்து ஆட்கள் 24 பேர், பன்னிரண்டு பன்னிரண்டு பேராகத் தோள் மாற்றிச் சுமந்தார்களாம்.

"அந்த 24 பேர் பெயர் என்ன தம்பி?" என்று கேட்டேன்.

பையன் சிரித்துவிட்டான். பிறகு, "அதை இதுவரை யாரும் கேக்கலை ஐயா" என்றான்.

லூல்கந்துர இருக்கிற அதே ஹேவாஹெட்டப் பக்கம்தான் முல்லோயாத் தோட்டம். 1940 ஜனவரி 10ஆம் திகதி, கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் செத்த இடம். மலையகத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் தெரிந்த பெயர். அந்தப் பையனுக்கும் தெரியும். "கேட்டா சொல்லுவேன் ஐயா, அவங்க குடுத்த பேப்பர்ல இல்ல" என்றான். 2023ல், எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருடமென்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் சனம் நடந்ததே, அந்தப் பாதைக்கும் பலகை நட்டு, வழிகாட்டி வைத்து ஆண்டுக்கொருமுறையாவது நடத்தினால் என்ன? கோப்பிக் காலத்தில் அந்தக் காட்டு வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்கள் எத்தனை பேர்! அந்தப் பாதையில் காட்சி அழகு குறைவுதான். ஆனால் பேச எவ்வளவோ இருக்கிறது.

உங்கள் கட்டுரையில் விட்டுப்போன ஒன்று. கம்பளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் பழைய லயத்திலேயே, 2007ல், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்று திறந்தார்கள். மூன்றாம் நாள் நானாகவே கேட்டு அங்கே போனோம். பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. ஒரு குடும்பமே குடியிருக்கிற 10க்கு 12 அடி லயத்து அறை, காம்பரா, என்றால் என்ன என்பதைப் பேத்தியின் சிநேகிதிகள் அங்கேதான் விளங்கிக்கொண்டார்கள். ஒருத்தி, "இதுக்குள்ள எத்தனை பேர் இருந்தீங்க தாத்தா?" என்றாள். எட்டுப் பேர், ஒரு ஆடு என்றேன். ஆட்டை நம்பவில்லை. பழைய பத்திரங்கள் இருந்த இடத்தில் நான் அதிக நேரம் நிற்கவில்லை. தோட்டத்து ஆட்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசாங்கமும் செய்த 1964 ஒப்பந்தத்தின்படி என் அண்ணன் குடும்பத்தோடு தமிழ்நாட்டுக் கூடலூர் போனவர். தலைமன்னாரில் கப்பல் ஏற்றிவிட்டு வந்த நாள் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

ஆகவே உங்கள் பத்திரிகை மூலம் தோட்டக் கம்பனிகளுக்கும் சுற்றுலாச் சபைக்கும் என் வேண்டுகோள். சுற்றிக்காட்டுகிற ஒவ்வொரு ஸ்டோரிலும் தமிழில் சொல்ல ஒரு ஆளும், தமிழில் பலகையும் வையுங்கள். அந்த ஆள் ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்து பென்சன் போன டீமேக்கர்தான் என்றில்லை, ரோலர் அறையிலும் சல்லடையிலும் முப்பது வருடம் நின்றவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். கொழுந்து எடுத்த பெண் ஒருத்தியையும் சேர்த்துக்கொண்டு சுற்றலைக் கொழுந்து மடுவத்தில் ஆரம்பியுங்கள். விரல் மென்மையா இல்லையா என்று அவளே காட்டுவாள். தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஒரு நாள் டிக்கெட் இல்லாமல் திறந்துவிடுங்கள். தாயும் தகப்பனும் வேலை செய்கிற கட்டடத்தை வாசலில் நின்று மட்டுமே பார்த்த பிள்ளைகள் எங்கள் தோட்டத்திலேயே நிறைய. லயத்து வாசலில் போட்டோ எடுக்குமுன் கேட்க வேண்டும் என்று நடைபாதை வழிகாட்டிகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அந்த ஸ்டோரிலிருந்து கிளம்பும்போது சுற்றிக்காட்டிய பிள்ளை பேத்தியிடம் எங்கள் டெலிபோன் நம்பரை வாங்கிக்கொண்டது. "அங்கிள் மாதத்துக்கு ஒருக்கா வருவாரா, மெனேஜரிடம் கேட்கிறேன்" என்றதாம். இதுவரை அழைப்பு வரவில்லை. வந்தால் போவேன். பஸ் காசும் ஒரு பிளேன்டீயும் போதும், ஆனால் காலை நாலு மணிக்கு வரச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டீ ஸ்டோர் தொழிலாளி,
நுவரெலியா மாவட்டம்