தங்கவயலில் இரண்டு சிலுவைகள்

அன்புள்ள மச்சான்,

போன் போட்டால் இரண்டாவது நிமிஷமே பேரன் கையில் கொடுத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

கல்லறைத் திருநாளுக்குக் கோலார் தங்கவயல் போய்வந்தேன். பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் காலையில் நான் ஏறிய வண்டி காலி. எதிரே வந்த வண்டியில் நம் ஊரே தொங்கிக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். பாதி ஊருக்கு இன்றும் ரயில்தான் சோறு போடுகிறது.

முதலில் வெள்ளைக்காரர் கல்லறைக்குள் நுழைந்தேன். சின்ன வயதில் காவல்காரரைக் கண்டு ஓடுவோமே, அதே இடம். புதர் மண்டிவிட்டது, ஆனால் கல்லில் வெட்டிய எழுத்து படிக்க வருகிறது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு கார்ன்வாலிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், குழந்தைகள். குழந்தைகளின் கல் முழங்கால் உயரம்கூட இல்லை. அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். (நான் தினமும் ஆட்டோவில் போகிற லேவல் ரோடு இருக்கிறதே, கம்பெனிக்கு முன்பே 1870களில் தங்கவயலில் தோண்ட அனுமதி வாங்கிய லேவல் என்பவரின் பெயர்தான் அது. இத்தனை வருஷம் இது தெரியாமலே போயிருக்கிறேன்.)

அப்புறம் நம் ஆட்கள் பக்கம். கல் ஏது? மண்மேடும் சிமென்ட் சிலுவையும்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம் என்று பெருமையாகச் சொல்கிறோம். உள்ளே ஏர் பிளாஸ்ட்டில் பாறை வெடித்துச் செத்தால் ஊரே திரண்டு ஓடும். தூசு தின்று செத்தவனுக்கு யார் ஓடினார்கள்? குவார்ட்ஸ் பாறையைத் துளைத்த தூள் எங்கப்பா நெஞ்சில் தங்கியது. கம்பெனி லைன் வீட்டு வாசலில் இருமி இருமியே போனார். காகிதத்தில் தூசு என்று எழுதாமல் டி.பி. என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

சரி, வந்த வேலையைச் சொல்கிறேன். அப்பா சிலுவையில் பெயர் சுத்தமாக அழிந்திருந்தது. கறுப்புப் பெயின்ட் டப்பாவும் பிரஷும் கொண்டுபோயிருந்தேன். எழுதி முடித்தும் பெயின்ட் மீதி இருந்தது. இரண்டு வரிசை தள்ளி உங்கப்பா. சுண்ணாம்பு அடித்து, அவர் பெயரையும் எழுதிவிட்டேன். என் கையெழுத்து உனக்குத் தெரியும், கோணல்தான், திட்டாதே.

அவர் செத்த வருஷத்தை எழுத வந்தபோதுதான் கை நின்றுவிட்டது. 84-ஆ, 85-ஆ? நீ பத்தாவது பெயிலான வருஷம் என்றுதான் ஞாபகம். அந்த இடத்தைக் காலியாக விட்டு வந்திருக்கிறேன். பெயின்ட் இன்னும் காயவில்லை, சீக்கிரம் எழுது.

உன்
அல்சூர்க்காரன்